ஸ்கீயில் முதல் 360: லிப்பிலிருந்து லேண்டிங் வரை

பனிச்சறுக்குக்காரர்கள் குதித்துப் பழகும் பார்க்கில் ஓரமாக நின்று பார்க்கும்போது 360, அதாவது 360 டிகிரி முழுச் சுற்று, என்பது முழுக்க முழுக்கக் காற்றில் நடக்கிற வித்தை மாதிரித் தெரியும். உண்மையில் காற்றுக்குப் போகும் முன்பே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. சாட்டையை விட்டுப் பிரிந்த பம்பரத்துக்கு அதற்கப்புறம் யாரும் கூடுதல் சுழற்சி கொடுக்க முடியாது; குதிப்பதற்கான பனிமேடான ஜம்ப்பின் கடைசி விளிம்பான லிப்பை ஸ்கீ விட்டுப் பிரிந்ததும் உங்கள் நிலையும் அதுதான். உதைக்கத் தரை கிடையாது, பிடித்துத் திரும்ப ஒன்றும் கிடையாது. கிளம்பும்போது எவ்வளவு சுழற்சியை எடுத்துக்கொண்டீர்களோ அதுதான் கையிருப்பு. கைகளை உடம்போடு சேர்த்தால் அது வேகமாகும், விரித்தால் மெதுவாகும், அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லப்போகிற ஒவ்வொன்றும் எதற்கு என்று தானாகவே புரியும்.

நிமிர்ந்தபடி ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்கு 1970களில் ஹெலிகாப்டர் என்று பெயர். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ஜானி மோஸ்லி அதே 360-இன் நடுவே ஸ்கீயைக் கையால் பிடித்துக் காட்டி, பனித்திட்டுகள் மேல் சறுக்கும் போட்டியான மோகுல்ஸில் தங்கம் வாங்கினார். அந்தக் காலகட்டத்தில்தான் முன்னும் பின்னும் வளைந்த ட்வின்-டிப் ஸ்கீக்களும் கடைக்கு வந்தன, பின்னோக்கி இறங்குவது சாதாரணமாகிவிட்டது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீனாவுக்காக ஆடிய ஐலீன் கூ 1620, அதாவது நாலரைச் சுற்று, சுற்றித் தங்கம் வென்றார். அந்த நாலரைச் சுற்றுக்கும் உங்கள் முதல் அரைச் சுற்றுக்கும் சுழற்சி கிடைக்கிற இடம் ஒன்றுதான்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

இரண்டு ஸ்கீயும் இணையாக இருக்க, நடுத்தரச் சரிவில் தடுமாறாமல் திரும்பவும் நிற்கவும் தெரிய வேண்டும். சின்ன ஜம்ப்பில் சுழலாமல் நேராகப் போய், இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் இறங்கவும் தெரிய வேண்டும். ஸ்விட்ச், அதாவது பின்னோக்கிச் சறுக்குவது, ஓரளவாவது கைவர வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விடாதீர்கள், ஏனென்றால் 360 பாதியில் நின்றுபோனால் உங்களைக் காப்பாற்றப்போவது ஸ்விட்ச்தான்.

ஹெல்மெட் கட்டாயம், முதுகுக் கவசம் இருந்தால் நல்லது. பூட்டை ஸ்கீயோடு பிணைக்கிற பைண்டிங்கை நீங்களாக இறுக்கிக்கொள்ளாதீர்கள். எடை, உயரம், பூட் நீளம், திறமை எல்லாம் பார்த்துக் கடையில் வைத்துத் தருவதுதான் முழங்காலுக்குப் பாதுகாப்பு.

காலை நேர உறைபனியில் முதல் முயற்சி வேண்டாம். வெயில் ஏறி மேற்பரப்பு இளகிய பிறகு, முடிந்தால் மார்ச், ஏப்ரல் மாதத்து மதியங்களில் பழகுங்கள். விழுந்தாலும் அடி குறைவு.

ஸ்கீ இல்லாமல்

வீட்டில் அல்லது புல்தரையில் நின்று குதித்து அரைச் சுற்று, அப்புறம் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இடப்பக்கமா வலப்பக்கமா, எது இயல்பாக வருகிறதோ அதுதான் உங்கள் பக்கம், அதை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். (இங்கே இடப்பக்கச் சுழற்சி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வலப்பக்கக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.) குதிக்கும்போது கவனியுங்கள்: முதலில் தலை, அப்புறம் தோள், அப்புறம்தான் இடுப்பும் காலும் திரும்பும். இந்த வரிசை பனியிலும் மாறாது. சுவிட்சர்லாந்தின் லாக்ஸ், கொலராடோவின் காப்பர் மவுண்டன் போன்ற இடங்களில் டிராம்போலினும் பஞ்சுக்குழியும் உள்ள உள்ளரங்குகள் உண்டு, கிடைத்தால் போய்ப் பழகுங்கள். ஆனால் டிராம்போலின் உங்களைத் தானே தூக்கிவிடும், லிப் அப்படித் தூக்காது. எழும்புகிற பழக்கத்தைப் பனியில்தான் பெற முடியும்.

எழும்புதல்

பார்க்கில் இதைப் பாப் என்பார்கள். முழங்காலை லேசாக மடக்கி, முழங்காலுக்குக் கீழுள்ள முன் எலும்பு ஸ்கீ பூட்டின் முன்பக்க நாக்கில் அழுந்தும்படி வந்து, கால் லிப்பை அடைகிற அந்தக் கணத்தில் முழங்காலையும் இடுப்பையும் நீட்டி எழ வேண்டும். சீக்கிரம் எழுந்தால் உயரம் வீணாகும், தாமதமாக எழுந்தால் காற்றை உதைப்பீர்கள். சுழற்சியைத் தொடும் முன் நேரான ஜம்ப்பில் இதைச் சலிக்கச் சலிக்கச் செய்யுங்கள். என்னைக் கேட்டால், முதல் நாள் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் தகும்.

180

முதலில் ஜம்ப்பே வேண்டாம், மெல்லிய சரிவில் சறுக்கிக்கொண்டே குதித்து அரைச் சுற்று. அது பழகிய பிறகு மிகச் சிறிய ஜம்ப்புக்குப் போங்கள். பெரும்பாலான வட அமெரிக்க பார்க்குகளில் ஆரஞ்சு நிற முட்டை வடிவப் பலகை இருக்கும், அதில் சின்னது என்று குறித்திருப்பதைத் தேடுங்கள். 180-இல் கண் பார்க்க வேண்டிய இடம் வேறு: கிளம்பிய லிப்பைப் பார்த்தபடியே இறங்குங்கள். தலை தொடர்ந்து திரும்பினால் உடம்பும் அதன் பின்னால் போய், நேராக இறங்காமல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இறங்கிய பிறகு தோளுக்கு மேல் திரும்பி வழியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது 360

ஜம்ப்பைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. லிப்புக்கும் இறங்குகிற சரிவுக்கும் நடுவிலுள்ள சமதளம் நாலைந்து மீட்டர் நீளமும், அதற்கப்பால் ஒழுங்கான சரிவும் இருந்தால் போதும். மிகக் குட்டியான ஜம்ப் பயமில்லாதது போலத் தோன்றும், ஆனால் சுற்றி முடிக்க நேரம் தராது. முதலில் இரண்டு மூன்று முறை சுழலாமல் நேராகப் போய், நக்கிள் என்கிற அந்தச் சமதள முடிவைத் தாண்டிச் சரிவில் இறங்க எவ்வளவு வேகம் வேண்டும் என்று பாருங்கள். வேகம் தெரிந்த ஒருவர் பின்னாலேயே இடைவெளி விட்டுப் போவது இன்னும் சுலபம். சமதளத்தில் இறங்குகிறவர்களுக்குத்தான் முழங்கால் போகிறது.

நேர்கோட்டில் வாருங்கள். கடைசி சில மீட்டரில் ஸ்கீ தட்டையாக இருக்கட்டும், எந்த விளிம்பிலும் சாய வேண்டாம். பெரிய சுழற்சிக்கு வளைந்து வருகிற முறை உண்டு, அது பிறகு. வரும்போதே இரண்டு கையையும் மார்பளவில் வலப்பக்கமாக லேசாகத் திருப்பி வையுங்கள், இடுப்பும் ஸ்கீயும் நேராகவே இருக்கட்டும். லிப்பில் எழும்புகிற அதே கணத்தில் கைகளை இடப்பக்கம் வீசி, இடத்தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். எழும்புவதும் வீசுவதும் ஒரே அசைவாக வர வேண்டும், ஒன்றுக்கப்புறம் ஒன்றாக அல்ல. தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒரு தோள் தாழ்ந்தால் உடம்பு சாய்ந்து சுழலும், அது வேறொரு வித்தை, இப்போது வேண்டாம்.

லிப்பை விட்டதும் கைகளை உடம்போடு சேர்த்து முழங்காலைச் சற்று மேலே இழுங்கள். பாதிச் சுற்றில் மலையின் மேல்பக்கம் தெரியும். பலர் நின்றுபோகிற இடம் அதுதான், பயத்தில் தலை அங்கேயே உறைந்துவிடுகிறது. தலையை நிறுத்தாதீர்கள், தோளுக்கு மேலாகத் தேடிக்கொண்டே இருங்கள், முக்கால் சுற்றில் இறங்குகிற இடம் கண்ணில் படும். பட்டதும் கைகளை விரித்து, காலை இறங்கத் தயாராக நீட்டுங்கள், சுழற்சி தானாக மெதுவாகும். இரண்டு ஸ்கீயும் ஒன்றாகத் தொட, முழங்காலை மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுங்கள், உடல் எடை முன்னால் இருக்கட்டும். பின்னால் சாய்ந்து இறங்குவது முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநாரை அறுக்கக்கூடியது. பல மாதம் மலைப்பக்கமே வர முடியாது.

எங்கே தவறுகிறது

சுற்று முடியாமல் 270-இல் நின்றால் பெரும்பாலும் காரணம் கீழே பார்த்ததுதான், இல்லையென்றால் பாப் போதவில்லை. 'இன்னும் பலமாக வீசுகிறேன்' என்று கையை வெறித்தனமாகச் சுழற்றுவது தீர்வு அல்ல, தோள் சாய்ந்துவிடும்.

லிப்பை அடையும் முன்பே திரும்பத் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் பொதுவான பிழை. ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கும், எழும்ப முடியாது, சுழற்சியும் சிதறிப்போகும். இதைக் கண்டுபிடிக்க நண்பரை ஜம்ப்புக்குப் பக்கவாட்டில் நிறுத்திக் கைப்பேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். லிப்பின் நுனியில் ஸ்கீ நேராக இருக்கிறதா என்பதை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

360-ஐத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் கையை விரிக்க மறந்தவர்கள், அது எளிதில் சரியாகிவிடும்.

கிளம்பும் முன் கையைத் தூக்கி 'டிராப்பிங்' என்று குரல் கொடுங்கள், விழுந்தால் உடனே ஓரமாக நகர்ந்துவிடுங்கள். நக்கிளுக்குப் பின்னால் நீங்கள் கிடப்பது மேலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. கால் தளர்ந்து பாப் குறைகிறது என்று தோன்றினால் அன்றைக்குச் சுழற்சியை நிறுத்திவிட்டு நேரான ஜம்ப்புகளோடு முடித்துக்கொள்ளுங்கள். 360 ஒரே மாதிரி வரத் தொடங்கியதும் 540-க்கு ஓடாதீர்கள், மறுபக்கச் சுழற்சியை எடுங்கள், அதுவும் 180-இலிருந்து.