எல்லா நாளும் ஒரே பேஸ்: நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடி முடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ மெரினாவில் காந்தி சிலையிலிருந்து நேப்பியர் பாலம் வரையிலோ ஓடுகிறார். மழை நாள்களைத் தவிர விடுப்பு எடுப்பதில்லை. அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டரையும் அதே பேஸில், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற கணக்கில், ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் ஓராண்டு கழிந்தும் பத்து கிலோமீட்டருக்கு அதே ஒரு மணி நேரம்தான் ஆகிறது. அரை மாரத்தானிலோ பதினான்காவது கிலோமீட்டரில் கால்கள் கனத்து, பேஸ் 7 நிமிடத்துக்குச் சரிந்துவிடுகிறது. இவரிடம் உழைப்பு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய பயிற்சிக் குறிப்பைப் புரட்டினால்தான் சிக்கல் புலப்படும்: திங்கள் 6:20 (கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 விநாடி), புதன் 6:15, வெள்ளி 6:20, ஞாயிறு நீண்ட ஓட்டம் 6:30.

பொழுதுபோக்காக ஓடத் தொடங்கியவர்களிடம் நான் காணும் தவறுகளில் ஆகப் பெரியது இதுதான். மற்றவற்றில் பல இதன் கிளைகள். 6:20 என்பது அவருக்கு மெதுவான ஓட்டமும் அல்ல, வேகமான ஓட்டமும் அல்ல. உடலைக் களைப்படையச் செய்யும் அளவுக்குக் கடினமானது. ஆனால் வேகத்தின் உச்ச வரம்பை உயர்த்தும் அளவுக்குக் கடினமானதல்ல. ஓடி முடித்ததும் வியர்த்துக் கொட்டி, நன்றாக உழைத்தோம் என்ற நிறைவைத் தந்துவிடுவதால், அது தவறு என்ற ஐயமே எழுவதில்லை.

பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தேவைப்படும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி ஆக்சிஜனைப் பயன்படுத்தி எரிபொருளை எரிப்பதன் வழியாகவே கிடைக்கிறது. அரை மாரத்தானில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆகவே தூரத்தில் வேகத்தைத் தாங்க வேண்டுமானால், தசை நார்களைச் சுற்றியுள்ள தந்துகிகள் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய்களும், அந்த நார்களினுள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருக வேண்டும். இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு கூட வேண்டும். இவை திணறலில்லாத ஓட்டத்தில், பல மணி நேரம் சேரச் சேர, மாதக் கணக்கில் வளர்பவை. நம்முடைய ஓட்டக்காரருக்கு அந்தத் திணறலில்லாத பேஸ் ஏறத்தாழ 7 முதல் 7:30 வரை. இதைச் சொன்னால் பலருக்கும் முகம் சுருங்கிவிடுகிறது, ஏனென்றால் அது அவர்கள் ஓடிக்கொண்டிருப்பதைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவானது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியளித்த ஆர்தர் லிடியார்ட், 1960 ரோம் ஒலிம்பிக்குக்கு முன்பே இதைச் செய்து காட்டிவிட்டார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். 800 மீட்டர் என்பது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயம். அதற்காக ஸ்நெல் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைச்சாலையில் 35 கிலோமீட்டர் ஓடினார். பிற்காலத்தில் நார்வேயில் பணியாற்றும் உடலியங்கியல் ஆய்வாளர் ஸ்டீபன் செய்லர், பல நாட்டு முன்னணி வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு எளிய தீவிரத்தில் நடைபெறுவதைக் கண்டார். வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அந்த விகிதத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் நான்கு ஓட்டங்களில் குறைந்தது மூன்று எளிதாக இருக்க வேண்டும்.

எளிதா இல்லையா என்பதை அறியக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரையும் ஒரே மூச்சில் இயல்பாகச் சொல்ல முடிந்தால் பேஸ் சரி. முதலடியின் நான்கு சீர் முடிவதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மெதுவாக ஓடுவதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் உடல் அல்ல, கூச்சம். ஓட்டங்களைப் பதிவு செய்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் 7:20 என்று பதிவாவதைப் பிறர் பார்ப்பார்களே என்ற எண்ணமும், குழுவாக ஓடும்போது அருகிலிருப்பவரைவிட அரையடி முன்னால் இருக்க வேண்டும் என்ற உந்துதலும் எளிய நாளைக் கெடுத்துவிடுகின்றன. நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓடினேன். என்னைவிட வேகமான நண்பர்களுடன் ஓடுவதே பயிற்சி என்று நம்பினேன். அவர்களுக்கு எளிய நாளாக இருந்தது எனக்குப் போட்டி நாளாக இருந்தது.

எளிய நாள்கள் கடினமாகிவிடுவதால் கடினமாக இருக்க வேண்டிய நாளும் கெடுகிறது. களைத்த கால்களோடு அன்றைக்குப் போதிய வேகம் வராது. அல்லது வீம்புக்கு அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடி, பயிற்சி பாதியிலேயே உடைந்துவிடும். இங்கேதான் அடுத்த தவறு வருகிறது: இன்றைய திறனை வைத்து ஓடாமல், அடைய விரும்பும் திறனை வைத்து ஓடுவது. டெம்போ ஓட்டம் என்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய தீவிரத்தில் 20 நிமிடம் அல்லது அதற்குச் சற்று அதிகமாக ஓடுவது. கடும் உழைப்பில் தசைகளில் உருவாகும் லாக்டேட் இரத்தத்தில் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கும் எல்லையை மேலே தள்ளுவதே அதன் நோக்கம். பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் எடுப்பவரின் டெம்போ பேஸ் அந்த வரையறைப்படியே 6 நிமிடம்தான். அவரோ 53 நிமிடத்தில் பத்து கிலோமீட்டர் ஓடும் ஒருவரின் அட்டவணையைப் பார்த்து 5:20-இல் தொடங்கி, எட்டாவது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். அந்த எட்டு நிமிடத்தில் அவர் செய்தது டெம்போ அல்ல, ஒரு சிறிய பந்தயம்.

குறுகிய தூரத்தை வேகமாக ஓடி, இடையே இளைப்பாறி, மீண்டும் ஓடும் இன்டர்வல்களிலும் இதே கதைதான். அவருடைய இன்றைய நிலைக்கு 5 கிலோமீட்டர் பந்தய பேஸ் 5:45 என்று கொண்டால், 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 2 நிமிடம் 18 விநாடி ஆக வேண்டும். ஆனால் முதல் சுற்றை 1:55-இல் ஓடி, ஐந்தாவது சுற்றில் 2:35-க்கு வந்துவிடுபவர்களே அதிகம். கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஓரிரு விநாடி வேறுபாட்டில் இருந்தால்தான் அந்தப் பயிற்சி நடந்ததாகக் கொள்ளலாம். முடித்த பிறகு, வேண்டுமானால் இன்னும் ஒரு சுற்று ஓடலாம் என்ற தெம்பு மிச்சமிருக்க வேண்டும். சிந்தெடிக் தடத்தில் ஓடுபவர்கள் உள்வட்டம்தான் 400 மீட்டர் என்பதையும் நினைவில் கொள்ளட்டும். எட்டாவது தடம் 450 மீட்டரைத் தாண்டும்.

ஆசையையும் திறனையும் ஒப்பிட்டுப் பார்க்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த சூத்திரம், தூரம் கூடும்போது பேஸ் எவ்வளவு தளரும் என்பதை மதிப்பிடுகிறது. அதன்படி பத்து கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓடுபவர், அதற்கேற்ற தூரப் பயிற்சியும் பெற்றிருந்தால், அரை மாரத்தானை ஏறத்தாழ 2 மணி 12 நிமிடத்தில் முடிப்பார், பேஸ் 6:16. அவர் விரும்பும் 6 நிமிட பேஸுக்கு, அதாவது 2 மணி 6 நிமிடம் 35 விநாடிக்கு, முதலில் பத்து கிலோமீட்டரை 57 நிமிடம் 20 விநாடி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பந்தயத்தில் அவர் சரிந்ததற்கு மன உறுதிக் குறைவு காரணமல்ல. தொடக்கக் கோட்டிலேயே கணக்கு தப்பாக இருந்தது.

சென்னையில் பயிற்சி செய்பவர்களுக்கு வானிலை தனிச் சிக்கல். நகரின் பெரிய மாரத்தான் ஜனவரியில் நடப்பதால் பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் விடியலிலும் வெப்பம் ஏறத்தாழ 25, 26 டிகிரி இருக்கும். காற்றில் ஈரமோ மிக அதிகம். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை. ஈரக் காற்றில் ஆவியாதல் தடைப்படுவதால், உடல் இரத்தத்தின் ஒரு பகுதியைத் தோலுக்குத் திருப்பி வெப்பத்தை வெளியேற்றப் பார்க்கிறது. தசைகளுக்கும் குறையாமல் அனுப்ப வேண்டியிருப்பதால், பேஸ் மாறாவிட்டாலும் இதயத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. இந்த நிலையில் இணையத்தில் கிடைத்த, குளிர் நாட்டில் எழுதப்பட்ட அட்டவணையின் பேஸை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஓடுவது, எளிய நாளைக் கடின நாளாக மாற்றும் மிக விரைவான வழி. அந்த மாதங்களில் பேஸைப் பார்க்காமல் மூச்சையும் துடிப்பையும் பார்த்து ஓடுவதே சரி. வெயில் ஏறிய பிறகு வேண்டுமென்றே ஓடினால் உடல் இறுகும் என்று சொல்பவர்களும் உண்டு. வெப்பத்துக்கு உடல் பழகுவது உண்மை, ஆனால் அதற்கு இரண்டு வார அளவான பழக்கம் போதும், எட்டு மணி வெயிலில் 18 கிலோமீட்டர் தேவையில்லை.

தூரத்தைக் கூட்டுவதில் உள்ள அவசரமும் பலரை முடக்கிப்போடுகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தெம்பாகிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்புகளும் அதே பயிற்சிக்கு ஈடுகொடுக்கப் பல மாதங்கள் ஆகின்றன. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓடுபவருக்குத்தான் குதிநாண் வலியும் முன்னங்கால் எலும்பு வலியும் வருகின்றன. வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக்கூடாது என்ற விதியைப் பலரும் வேதவாக்காகச் சொல்வார்கள். ஆனால் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், அவ்விதியைப் பின்பற்றியவர்களும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காயமடைந்தனர். ஆகவே அந்த எண்ணைவிட, மூன்று வாரம் கூட்டி நான்காவது வாரம் குறைப்பதும், வாரநாள்களில் மொத்தமே பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு ஞாயிறு மட்டும் 18 ஓடும் வழக்கத்தை விடுவதும் முக்கியம் என்று கருதுகிறேன். அலுவலக வேலைப் பளுவில் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும்.

கைக்கடிகாரம் காட்டும் எண்களை நம்புவதிலும் அளவு வேண்டும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு கிடைக்கும் என்பது கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்தும். தனி மனிதரிடம் 10, 12 துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். நிமிடத்துக்கு 180 காலடி என்ற எண்ணும் அப்படித்தான்: ஒலிம்பிக் வீரர்கள் பந்தய வேகத்தில் ஓடுவதைப் பார்த்து எண்ணியது அது, 7:20 பேஸில் கடற்கரையில் ஓடுபவருக்கு எழுதிவைத்த சட்டம் அல்ல. வாரத்துக்கு இருமுறை கெண்டைக்கால், தொடை, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி செய்தால் அந்த நேரம் இதைவிட நன்றாகச் செலவாகும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவரும் பந்தய நாளின் முதல் மூன்று கிலோமீட்டரில் எல்லாவற்றையும் தொலைத்துவிட முடியும். ஓய்வெடுத்த கால்கள், சுற்றிலும் கூட்டம், மேளச் சத்தம். 5:35 பேஸ் நடைப்பயிற்சி போலத் தோன்றும். கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் மாரத்தானை 2:00:35-இல் ஓடி உலகச் சாதனை படைத்தபோது, முதல் பாதிக்கு 60:48 எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதியை 59:47-இல் முடித்தார். நம்மவர் முதல் மூன்று கிலோமீட்டரில் திட்டமிட்ட பேஸைவிடத் தலா 10 விநாடி மெதுவாக ஓடினால் இழப்பது வெறும் 30 விநாடி. மீதமுள்ள 18 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு இரண்டு விநாடி கூட ஆகாது.

வெறும் வயிற்றில் ஓடியே பழகிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் பந்தயத்தையும் அப்படியே ஓட முயல்வதும் தவறு. தொடங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, ஓட்டத்தின் நடுவே மணிக்கு 30 கிராம் அளவுக்காவது மாவுச்சத்தோ தேவைப்படும். அதை முன்கூட்டியே நீண்ட ஓட்டங்களில் பழகிப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் விஷயத்தில் எதிர்த் திசைத் தவறும் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்கு நீர் பருகியதே அதற்கு முதன்மையான காரணமாகக் கண்டறியப்பட்டது. தாகத்துக்குக் குடித்தால் போதும். நிலையம்தோறும் கட்டாயமாக ஒரு கோப்பை என்ற கணக்கு வேண்டாம்.

முன்னேற்றத்தை அளப்பதற்காக மாதந்தோறும் பந்தயம் ஓடுவதையும் நான் தவிர்க்கச் சொல்வேன், ஏனெனில் ஒவ்வொரு பந்தயமும் அதற்கு முன்பும் பின்பும் ஒரு வாரப் பயிற்சியை விழுங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதே வழியில், அதே நேரத்தில், இதயத் துடிப்பை எடுத்துக்காட்டாக 140-இல் நிறுத்தி 5 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். ஆகஸ்டில் 7:25-ஆக இருந்த பேஸ் நவம்பரில் அதே 140-இல் 7:05-ஆக இருந்தால், அதில் ஒரு பகுதி பருவத்தின் கொடை என்பதைக் கழித்துக்கொண்டு, டெம்போ பேஸைக் கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி மட்டும் வேகப்படுத்தலாம்.