டயர் சேஞ்சரில் பெடலை மிதிக்கும் முன்

கோவையில் எங்கள் கடைக்கு வரும் பையன்கள் ரிம்மில் டயரைக் கழற்றி மாட்டும் மெஷினான டயர் சேஞ்சரின் பெடல்களை இரண்டு நாளில் பழகிவிடுகிறார்கள். வேலை பழகிவிட்டதாகவும் நினைத்துவிடுகிறார்கள். நான் பழகிய காலத்துத் தவறுகள்தான் இவர்கள் கையிலும் திரும்ப வருகின்றன. காற்றை இறக்காமல் தொடங்குவது போன்றவற்றை முதல் நாளே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

இறுகிய பிறகும் பெடலை விடாமல் மிதிப்பது

டயரின் ஓரத்தில் இருக்கும் பீடுக்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. அது இழுத்தால் நீளாது. ரிம் விளிம்போ பீடை விட அகலம். பிறகு எப்படி டயர் ஏறுகிறது? ரிம்முக்குள் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஒரு பக்கத்து பீடை அதற்குள் அழுத்தி வைத்தால்தான் எதிர்ப்பக்கம் தளர்ந்து விளிம்பைத் தாண்டும்.

பள்ளம் எப்போதும் நடுவில் இருக்காது. பெரும்பாலும் வெளி முகத்தை ஒட்டியே இருக்கும். சில அலாய் வீல்களில் மாறியும் வரும். எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ அதை மேலே வைத்து மாட்ட வேண்டும்.

போன மாதம் ஒரு பையன் 17 இஞ்ச் அலாயில் 45 ப்ரொஃபைல் டயர் ஏற்றினான். அந்த டயரின் பக்கச்சுவர் கட்டையாக, விறைப்பாக இருக்கும். கையால் அழுத்தினால் பள்ளத்தில் தங்காது, டயரை அழுத்திப் பிடிக்கும் மெஷின் கையான ஹெல்ப்பர் ஆர்ம் வேண்டும். அவன் கையை மட்டும் வைத்திருந்தான். பாதிச் சுற்றில் ரிம் சுழல, டயர் நின்றுவிட்டது. உடனே பெடலை மேலே தூக்கி எதிர்த்திசையில் திருப்பியிருக்க வேண்டும். இவன் இன்னும் அழுத்தினான். 'பட்'டென்று ஒரு சத்தம்.

"காத்து நிக்குதுங்கண்ணா, விட்டுரலாம்" என்றான். கழற்றச் சொன்னேன். பீடு ரப்பர் விரல் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே கம்பி தெரிந்தது. புது டயர், பீடு கிழிந்தால் ஒட்டு போட வழியே இல்லை, குப்பைதான். பணம் போனதை விட அந்த "விட்டுரலாம்" இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மாட்டிய பிறகு கிழிசல் ரிம்முக்குள் மறைந்துவிடும். வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நூறில் போவார். மெஷின் மோட்டார் இறுக்கத்தை உணராது, உங்கள் காலும் காதும்தான் உணர வேண்டும்.

கிரீஸ், இன்ஜின் ஆயில் தடவுவது

ரப்பர் கெடும், பிரேக் பிடிக்கும்போது ரிம்மில் டயர் நழுவும். பீடு வழுக்கி ஏற, டயர் பேஸ்ட் மட்டும் தடவுங்கள்.

வால்வுக்குப் பக்கத்தில் பிளேடு

காற்றழுத்த சென்சார் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் வால்வுக்கு அடியில்தான் அது உட்கார்ந்திருக்கும். ரிம்மிலிருந்து பீடைப் பிரிக்கும் பிளேடான பீடு பிரேக்கர் அங்கே அழுத்தினால் சென்சார் நொறுங்கும். வால்வைத் தள்ளி வையுங்கள்.

பிளாஸ்டிக் உறை இல்லாத கிளாம்ப்

ரிம்மைப் பிடிக்கும் கிளாம்ப் உறையில்லாமல் அலாயில் வேண்டவே வேண்டாம்.

பீடு உட்காரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போவது

கார் டயருக்கு 40 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. அதற்குள் பீடு ரிம் விளிம்போடு பொருந்தி உட்காரவில்லை என்றால் காற்றை முழுக்க இறக்கி, மறுபடி பேஸ்ட் தடவி ஏற்றுங்கள். டயருக்கு மேலே முகத்தை நீட்டாதீர்கள்.