மணல் குன்றுகளில் குடும்பத்தோடு ஓர் இரவு: கிளாம்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாம்பிங் என்றால் சொகுசு வசதிகளோடு டென்ட்டில் தங்குவது. கட்டில், மெத்தை, விளக்கு, சில இடங்களில் குளியலறைகூட டென்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பலர் ஹோட்டலுக்குக் கிளம்புவதுபோலவே பெட்டி கட்டிவிடுகிறார்கள். அந்தச் சொகுசு எல்லாம் துணிச்சுவருக்கு உள்ளே மட்டும்தான். வெளியே பாலைவனம் பாலைவனமாகவே இருக்கிறது.

பெரும்பாலான சொதப்பல்கள் தாமதமாகப் போய்ச் சேருவதில்தான் ஆரம்பிக்கின்றன. சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போது முகாமில் இருங்கள். டென்ட்டிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழி, காலை இடறும் கயிறுகள், தீ மூட்டும் குழி, அவசரத்துக்கு ஆள் இருக்கும் இடம் ஆகிய நான்கையும் வெளிச்சத்திலேயே பிள்ளைகளுக்கு நடந்து காட்டிவிட வேண்டும். முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவையும் உண்டு. வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து டென்ட் எவ்வளவு தூரம்? ஜெனரேட்டரை ராத்திரி எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள்? ஹீட்டர் அதற்குப் பிறகும் ஓடுமா? பலத்த காற்று அடித்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

சொந்த வண்டியை மணலில் இறக்குவதென்றால் அது நான்கு சக்கர இயக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். டயர் காற்றைக் குறைக்காமல் இறங்குவது அடுத்த தவறு. தார்ச்சாலையில் 32 முதல் 35 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) வரை இருக்கும் காற்றை 15 முதல் 18 வரை இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து வண்டியின் பாரத்தைப் பரப்பிக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்க அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். இறங்கி, சக்கரங்களைச் சுற்றியுள்ள மணலைத் தள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். திரும்பும்போது தார்ச்சாலையைத் தொடுவதற்கு முன் காற்றை மறுபடி ஏற்ற சின்ன கம்ப்ரஸர் கையோடு இருக்கட்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

பகல் வெயிலைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது வழக்கமாக நடப்பது. வறண்ட காற்று, மேகமில்லாத வானம் என்பதால் மணல் பகலில் வாங்கிய சூட்டை வேகமாக விட்டுவிடுகிறது. பகலுக்கும் விடியற்காலைக்கும் 15 முதல் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, அடியிலிருந்தும் ஏறும். காற்றடைத்த மெத்தையில் படுத்தால், உள்ளே இருக்கும் காற்றே உடம்புச் சூட்டைக் கீழே கடத்திவிடும். மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே ஃபோம் பாயோ தடித்த கம்பளியோ விரியுங்கள். போர்வையை மேலே மேலே அடுக்குவதைவிட இது பலன் தரும். பகலில் வியர்த்த உடையோடு பிள்ளைகளைத் தூங்க வைக்காமல், உலர்ந்த உடை, காலுறை, தொப்பி போட்டுவிடுங்கள்.

குளிருக்காகக் கரி அடுப்பை டென்ட்டுக்குள் கொண்டுபோவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அணையப்போகும் கங்கிலிருந்துகூடக் கார்பன் மோனாக்ஸைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் விழிக்காமலே மயங்கிவிடுவார்கள். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பது தப்புக்கணக்கு. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்தாலே கதகதப்பு வந்துவிடும்.

வெளியே எரிந்த நெருப்பை மணலைப் போட்டு மூடுவதும் ஆபத்துதான், அதுவும் பலரும் சரியென்று நம்பிச் செய்வது. மணல் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். காலையில் பார்த்தால் புகை இல்லை, சிவப்பு இல்லை, மற்ற இடம் போலவே தெரியும். அதன்மேல் பிள்ளை வெறுங்காலோடு ஓடும். தண்ணீர் ஊற்றி, கம்பால் கிளறி, 'சுர்' என்ற சத்தம் நிற்கும்வரை மறுபடி ஊற்றுங்கள். கையை மேலே பிடித்தால் சூடே தெரியக் கூடாது.

நடுப்பகலில் மணல் நெருப்பில்லாமலே சுடும். மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு. புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் செருப்பும் போதாது, மூடிய ஷூதான்.

மணலில் விளையாடட்டும், சறுக்கட்டும். குழி தோண்டுவதற்கு மட்டும் ஓர் அளவு வேண்டும்: இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் முழங்கால் ஆழம். அடியிலுள்ள ஈர மணல் சுவர்போல நிற்கும், காய்ந்ததும் சொல்லாமல் சரியும். சுரங்கம் தோண்டவே விடக் கூடாது. எழுந்து போகும்போது குழியை மூடிவிடுங்கள்.

தேளுக்குப் பயந்து ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை. ஷூவைப் போடுமுன் தலைகீழாகத் தட்டுங்கள், போர்வை தரையில் புரளாமல் பாருங்கள், ஜிப்பை முழுதாக இழுத்து மூடுங்கள். புற ஊதா டார்ச் இருந்தால் தேள் பச்சையாக ஒளிர்ந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். கொட்டினால் கீறுவதோ உறிஞ்சுவதோ கட்டுப் போடுவதோ வேண்டாம். சோப்பால் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விஷம் கடுமையாக ஏறும் என்பதால் 'வலி குறையட்டும், பார்ப்போம்' என்று காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 5 லிட்டர், குடிக்க மட்டும். பிள்ளைகளுக்குத் தாகம் வரும்வரை காத்திராமல் கொடுத்துக்கொண்டே இருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளானால் போதவில்லை என்று பொருள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

வழி தவறுவதும் இங்கே சுலபம். எல்லாக் குன்றும் ஒன்றுபோல இருக்கும், காலடித் தடத்தைக் காற்று அழித்துவிடும். டென்ட் உச்சியில் வண்ண விளக்கு ஒன்றைக் கட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில்; தொலைந்தால் நடக்காமல் நின்ற இடத்திலேயே ஊத வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். முகாம் இருக்கும் இடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜிப் மணலில் சிக்கினால் எண்ணெய் போடாதீர்கள், இன்னும் மணல் ஒட்டும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

திரும்பும் வழியில் மணற்புயல் பிடித்தால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்விளக்கு எரிந்தால், அதைச் சாலை என்று நம்பிப் பின்னால் வருபவர் நேராக உங்கள்மேல் வந்து மோதுவார்.