தரையோடு ஒட்டிக்கொள்ளும் கிளட்ச் பெடல்: கோளாறைக் கண்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1997 முதல் 2004 வரை அமெரிக்காவில் விற்பனையான ஐந்தாம் தலைமுறை செவர்லே கார்வெட்டை, அதிலும் குறிப்பாக 2001-இல் வந்த இசட்06 வகையை, பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் நன்கறிந்த கோளாறு ஒன்று உண்டு. எஞ்சின் அதன் உச்ச வரம்பை (இசட்06-இல் 6,500 ஆர்பிஎம், அதாவது நிமிடத்திற்கு 6,500 சுற்றுகள்) நெருங்கும் நிலையில் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றினால், காலை எடுத்த பிறகும் பெடல் எழும்பாமல் தரையோடு கிடக்கும். எஞ்சின் வேகம் தணிந்ததும் தானாகவே மேலே வந்துவிடும். அதே காரைப் பட்டறையில் நிறுத்தி மிதித்துப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. இப்படி வந்தும் மறைந்தும் போகிற கோளாறில்தான் ஊகத்தின் பேரில் உதிரி பாகங்களை மாற்றும் பழக்கம் தொடங்குகிறது.

முதல் தவறு, ஒட்டிக்கொள்வது பெடல் என்பதால் குறையும் பெடலில்தான் இருக்கும் என்று கருதுவது. ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் பெடல், அதனருகேயுள்ள மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. அங்கிருந்து தள்ளப்படும் ஆயில் கிளட்ச் அருகேயுள்ள ஸ்லேவ் சிலிண்டரை அடைந்து, ரிலீஸ் பேரிங்கை, கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் டயாஃபிரம் ஸ்பிரிங் விரல்கள்மீது அழுத்துகிறது. காலை எடுத்ததும் அந்த விரல்களே பேரிங்கைப் பின்னுக்குத் தள்ளி, ஆயிலை வந்த வழியே திருப்பி, பெடலை மேலே ஏற்றுகின்றன. ஆகவே பெடலை எழுப்பும் விசையின் பெரும்பகுதி இந்த அமைப்பின் மறுமுனையிலிருந்து, பிரஷர் பிளேட்டிலிருந்து வருகிறது. இதற்கு எதிராகச் செயல்படக்கூடிய ஒன்றும் பெடலருகே இருக்கிறது. காலுக்குச் சுமை தெரியாமல் இருப்பதற்காகப் பல கார்களில் பெடலோடு இணைக்கப்பட்டிருக்கும் உதவி ஸ்பிரிங், பெடல் பாதித் தூரத்தைக் கடந்ததும் அதைக் கீழ்நோக்கியே தள்ளும். திரும்பி வரும் ஆயிலின் அழுத்தம் போதாதபோது இந்த ஸ்பிரிங் வென்றுவிடுகிறது. பெடல் தரையோடு நின்றுவிடுகிறது.

இதை அறிந்த சிலர் அந்த உதவி ஸ்பிரிங்கையே கழற்றிவிடுகிறார்கள். பெடல் எழும்பத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் திரும்பும் அழுத்தம் ஏன் குறைந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்த அறிகுறி மட்டுமே மறைந்திருக்கிறது. கோளாறைக் கண்டறியும் முன்பே ஸ்பிரிங்கைக் கழற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த தவறு, 'பெடல் ஒட்டுகிறது' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு கோளாறுகளைத் திணிப்பது. உயர் ஆர்பிஎம்மில் மட்டும் பெடல் தரையில் தங்குவது வேறு. வண்டி சூடேறிய பின் எந்த வேகத்திலும் பெடல் தளர்ந்து கீழே போவது வேறு. குளிர்ந்த நிலையிலும் மெதுவாகவே எழும்புவது வேறு. பெடல் ஒழுங்காக மேலே வந்தும் கிளட்ச் சிறிது தாமதித்தே பிடிப்பது முற்றிலும் வேறு. இரண்டாவது, ஆயில் கொதிப்பதையோ காற்றுக் குமிழ் இருப்பதையோ சுட்டும். மூன்றாவதில் பெடலின் அச்சையும் புஷ்ஷையும் உலர்ந்துபோன இணைப்புகளையும் சந்தேகிக்கலாம். நான்காவதில், உட்புறம் உரிந்துபோன ரப்பர் ஹோஸ் ஒருவழி வால்வுபோல் ஆயிலைத் திரும்பவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கக்கூடும். பெடல் கீழே கிடந்த அந்த நேரத்தில் கிளட்ச் விடுபட்டிருந்ததா, பிடித்திருந்ததா என்பதை ஓட்டுநரிடம் கேட்காமல் சோதனையைத் தொடங்கவே கூடாது. பெடல் தரையில் கிடக்கும்போதே கிளட்ச் பிடித்துவிட்டிருந்தால், விரல்கள் தம் இடத்திற்குத் திரும்பிவிட்டன என்று பொருள். குறையை ஹைட்ராலிக் பகுதியிலும் பெடலிலும் தேட வேண்டும்.

ஆயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; மிகுதியான தவறுகள் நடப்பது அங்கேதான். கார்வெட்டில் கிளட்சுக்கென்று தனியாக ஒரு சிறிய ஆயில் கிண்ணம் உண்டு. அருகிலுள்ள பெரிய பிரேக் கிண்ணத்தில் ஆயில் தெளிவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கிளட்ச் கிண்ணத்தின் மூடியைத் திறக்காமலேயே விட்டுவிடுவோர் பலர். திறந்து பார்ப்பவர்களும் அளவைப் பார்க்கிறார்களே தவிர நிறத்தைப் பார்ப்பதில்லை. தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் கறுத்துக் கலங்கியிருந்தால், அளவு சரியாக இருந்தாலும் அது கெட்ட ஆயில்தான். இந்தக் காரின் ஸ்லேவ் சிலிண்டர், கியர்பாக்ஸை நோக்கிச் செல்லும் தண்டைச் சுற்றி, கிளட்சை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்கின் உள்ளேயே அமர்ந்திருக்கிறது. கிளட்ச் தட்டு தேய்ந்து உதிரும் நுண்தூள் அதன்மீது படிந்து, பிஸ்டன் முன்பின் நகரும்போது சீலைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. ரப்பர் சீல்கள் தேய்வதாலும் ஆயில் கறுக்கும். தூள் கலந்த ஆயிலால் சீல்கள் மேலும் தேய்ந்து, பிஸ்டனின் ஓட்டமும் தடைப்படுகிறது.

வெப்பமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பிரேக் ஆயிலும் கிளட்ச் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையவை. டாட் 3 என்ற தரக் குறியுள்ள ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155 டிகிரி. எஞ்சினுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்களுக்கும் இடையே அடைபட்ட ஸ்லேவ் சிலிண்டரில், பல ஆண்டுகள் மாற்றாத ஆயில் தடத்தில் சில சுற்றுகளுக்குள் ஆவியாகத் தொடங்கினால் வியப்பில்லை. ஆனால் கொதிநிலை கூடியதுதான் வேண்டும் என்று எண்ணி, பெயரை மட்டும் பார்த்து டாட் 5 வகையை ஊற்றுவது பெரும்பிழை. அது சிலிகான் ஆயில்; மற்ற வகைகளோடு கலவாது. டாட் 5.1 என்பது வேறு; அது டாட் 4 குடும்பத்தைச் சேர்ந்தது. எதுவானாலும் மூடியிலும் கையேட்டிலும் குறிப்பிட்டிருப்பதை ஒட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றும் பிளீடர் திருகைக் கை எட்டாத இடத்தில் வைத்திருப்பதால், கார்வெட் உரிமையாளர்கள் எளிய முறை ஒன்றைக் கையாள்கிறார்கள். கிண்ணத்திலுள்ள ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றி, பெடலைப் பலமுறை மிதித்து, மீண்டும் உறிஞ்சி, ஆயில் தெளியும்வரை இதையே தொடர்வது அந்த முறை. தூளை வெளியேற்ற இது நன்கு உதவும். ஒருமுறை செய்துவிட்டு 'பலனில்லை' என்று கைவிடுவதும், காற்றுக் குமிழ் பிடித்த அமைப்பையும் இதனாலேயே சரிசெய்துவிடலாம் என்று நம்புவதும் தவறு. சிந்திய ஆயில் வண்ணப்பூச்சை அரித்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

ஆயில் மாற்றியும் குறை தீராவிட்டால் உடனே மாஸ்டர் சிலிண்டரை வாங்கிவிடுகிறார்கள். அதுதான் எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டர் பழுதென்றால் அதற்குரிய அடையாளங்கள் உண்டு. பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே கிளட்ச் மெல்லப் பிடிக்கத் தொடங்கும். வெளியே கசிவே இல்லாமல் உட்சீலைத் தாண்டி ஆயில் நழுவுவதன் விளைவு அது. அல்லது டாஷ்போர்டுக்கு அடியில், பெடலோடு இணைந்த தள்ளுகோல் மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் தெரியும். தள்ளுகோலுக்குச் சிறிதளவும் தளர்வு இல்லாமல் இறுக்கிவைத்தாலோ, ஆயில் கிண்ணத்திற்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த ஆயில் போக்கிடமின்றிக் கிளட்சைப் பாதி விடுவித்து வழுக்கவைக்கும். ஸ்லேவ் சிலிண்டர் கசிந்தால் பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம் காணப்படும்.

இதைத் தீர்மானிப்பதில் அவசரம் கூடாது. கார்வெட்டில் கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்ந்து பின்னால் இருப்பதால், ஸ்லேவ் சிலிண்டரை மாற்றக் கியர்பாக்ஸையும் அதை எஞ்சினோடு இணைக்கும் நீண்ட டார்க் குழாயையும் இறக்க வேண்டும். அவ்வளவும் இறக்கிய பிறகு பழைய ஸ்லேவ் சிலிண்டரையே திரும்ப மாட்டுவது வீண் சிக்கனம். பிளீடர் திருகை எட்டும் இடத்திற்குக் கொண்டுவரும் நீட்டுக் குழாயையும் அப்போதே பொருத்திவிட வேண்டும். கிளட்ச் முகத்தில் அமராத ஸ்லேவ் சிலிண்டர் இணைப்பில் இருக்கும்போது யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது. எதிர்த்துத் தாங்க ஒன்றும் இல்லாததால் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

ஹைட்ராலிக் பகுதி முழுவதும் நன்றாக இருந்தும் உயர் ஆர்பிஎம்மில் மட்டும் பெடல் தங்கினால், கிளட்சையே ஆராய வேண்டும். சுழற்சி உயர உயர டயாஃபிரம் விரல்கள்மீது மையவிலக்கு விசை கூடி, அவை பேரிங்கைத் திருப்பித் தள்ளும் ஆற்றல் குறைகிறது. தட்டு தேய்ந்து விரல்களின் கோணம் மாறியிருந்தாலோ, கார் நிறுவனத்தினுடையது அல்லாத வலுவான வெளிச்சந்தைக் கிளட்ச் பொருத்தி அதன் உயரத்தை அளக்காமல் விட்டிருந்தாலோ இந்த விளைவு கூடுதலாக வெளிப்படும். புதிய கிளட்ச் போடும்போது, முழுதும் அமுங்கிய ஸ்லேவ் சிலிண்டருக்கும் விரல்களுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேவையானால் ஷிம் எனும் மெல்லிய தகடு வைக்க வேண்டும். விரல்கள் அளவுக்கு மீறி அழுத்தப்படாமலிருக்கப் பெடலுக்கு அடியில் ஒரு தடுப்பு வைப்பதும் நல்லது.

கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தா. 1980-களிலும் 1990-களிலும் வந்த ஃபோர்டு மஸ்டாங் வி8 கார்களில் எக்ஸாஸ்ட் சூட்டில் உறை உருகிய கேபிளையும், பெடலருகே தானே சரிசெய்துகொள்ளும் பிளாஸ்டிக் பற்சக்கரத்தையும் முதலில் பார்க்க வேண்டும். எந்தக் காரானாலும், கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் தரைவிரிப்பை எடுத்துவிட்டு ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும்.

பழுது நீக்கிய பின் குளிர்ந்த எஞ்சினோடு தெருவில் ஒரு சுற்று ஓட்டி 'சரியாகிவிட்டது' என்று சொல்வது கடைசித் தவறு; அந்த நிலையில் இந்தக் கோளாறு முன்பும் வந்ததில்லை. மூடிய தடத்தில், எஞ்சினும் கிளட்சும் நன்கு சூடேறிய பின், ஆர்பிஎம்மைப் படிப்படியாக உயர்த்திக் கியர் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் பெடல் தங்கினால் உடனே ஆக்சிலரேட்டரை விட்டு எஞ்சின் வேகத்தைக் குறைத்து, பெடல் எந்த ஆர்பிஎம்மில் எழும்புகிறது என்று குறித்துக்கொண்டு, கிண்ணத்தின் மூடியைத் திறந்து ஆயிலின் நிறத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.