பத்தாயிரம் வரிகள், பாதி செல்லாதவை: பென்சில்வேனியா லிபர்டேரியன் தொண்டர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

தேர்தல் ஆண்டு பிறந்து குளிர் சற்றே விட்டதும் பென்சில்வேனியாவின் ஊர்களில் மஞ்சள் சட்டைகள் தென்படும். கையில் கிளிப் அட்டை, முகத்தில் உற்சாகம், பையில் வெற்றுத் தாள்கள். அவர்கள் லிபர்டேரியன் கட்சியின் (அரசின் தலையீடும் வரியும் குறைய வேண்டும் என்னும் சிறு கட்சி) புதுத் தொண்டர்கள். வேட்பாளரின் பெயர் நவம்பர் வாக்குச்சீட்டில் வர வேண்டும் என்பதற்காக முன்பின் தெரியாதவர்களை நிறுத்திக் கையெழுத்துக் கேட்பார்கள். இந்த வேலையில் பழகியவர்களுக்கு அதைப் பார்த்தால் பெருமையைவிடப் பதற்றமே அதிகம் வரும். நாம் செய்து சூடுபட்ட தவறுகளையே அவர்களும் வரிசை பிசகாமல் செய்கிறார்கள்.

கடைசித் தேதியைத் தவறவிடுவது, துண்டறிக்கையில் எழுத்துப் பிழை விடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும் தவறுகள் அவை. திருந்தாதவற்றைப் பார்ப்போம்.

சேர்ந்த கையெழுத்தை எண்ணுவது

எரிச்சலூட்டும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். “எத்தனை ஆச்சு?” என்று கேட்டால் “ஆறாயிரம் ஆச்சு” என்பார்கள். அதில் எத்தனை செல்லும் என்று கேட்டால் பதில் வராது.

மாநில வாக்காளர் பதிவில் 15 சதவீதத்தை எட்டாத கட்சிகளைப் பென்சில்வேனியா சட்டம் சிறு கட்சி என்கிறது. அவற்றுக்கு முதல்நிலைத் தேர்தல், அதாவது பெரிய கட்சிகளின் வேட்பாளர்களை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல், இல்லை. மனுத் தாள்களில் கையெழுத்துத் திரட்டித்தான் வாக்குச்சீட்டுக்குள் நுழைய வேண்டும். முதல்நிலைத் தேர்தலுக்கு முந்தைய பத்தாவது புதன்கிழமை தொடங்கி ஆகஸ்ட் 1 வரை அவகாசம். 2024-ல் ஏப்ரல் 23 அன்று முதல்நிலைத் தேர்தல் நடந்ததால் பிப்ரவரி 14 அன்றே கதவு திறந்தது. முதல்நிலைத் தேர்தல் மே மாதம் வரும் ஆண்டுகளில் மார்ச்சில்தான் திறக்கும். ஆக, கையில் இருப்பது 20 முதல் 24 வாரம்.

அதிபர், ஆளுநர், அமெரிக்க செனட் பதவிகளுக்கு இப்போது 5,000 கையெழுத்து வேண்டும். மாநிலக் கீழவை என்றால் அந்தத் தொகுதியில் கடந்த தேர்தலில் வென்றவர் வாங்கிய வாக்கில் 2 சதவீதம், 300-க்குக் குறையாமல். மனு கொடுக்கும் கெடு முடிந்தபின் 7 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை வந்துவிட்டால் உங்கள் தாள்கள் மாநில வாக்காளர் பதிவேட்டுக்கு எதிரே வரி வரியாக வைக்கப்படும். அப்போது நிற்கும் எண்ணிக்கைதான் கணக்கு.

2004-ல் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ரால்ஃப் நேடரின் அணி பென்சில்வேனியாவில் 51,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைக் கொடுத்தது. தேவைப்பட்டது 25,697. இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். நீதிமன்றம் எண்ணி முடித்தபோது தேறியது 18,818. நீக்கப்பட்ட பெயர்களில் மிக்கி மவுஸும் இருந்தது. வேட்பாளர் வாக்குச்சீட்டிலிருந்து வெளியேறினார். எதிர்த்தரப்பின் செலவாக 81,102 டாலரும் அவர் தலையில் விழுந்தது. 2006-ல் பசுமைக் கட்சியின் செனட் வேட்பாளர் கார்ல் ரோமனெல்லிக்கும் இதே கதிதான். அவருக்கு வேண்டியிருந்தது 67,070. 90,000-க்கு மேல் கொடுத்தும் ஏறக்குறைய 9,000 குறைந்தது. செலவுத் தொகை 80,000 டாலரைத் தாண்டியது. அதற்கடுத்த சில தேர்தல்களில் இந்த மிரட்டலுக்கு அஞ்சியே சிறு கட்சி வேட்பாளர்கள் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். லிபர்டேரியன், பசுமை, கான்ஸ்டிட்யூஷன் ஆகிய மூன்று கட்சிகளும் சேர்ந்து கூட்டாட்சி நீதிமன்றத்தில் போராடின. அதிக எண்ணிக்கை கேட்பதும் செலவைச் சுமத்துவதும் சேர்ந்த ஏற்பாடு அந்தக் கட்சிகளைப் பொறுத்தவரை அரசமைப்புக்கு முரணானது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. இன்றைய 5,000 அந்த வழக்கில் கிடைத்தது. எண்ணிக்கைதான் குறைந்தது, சரிபார்க்கும் முறை அப்படியே இருக்கிறது.

ஒரு வரி ஏன் செல்லாமல் போகிறது? கையெழுத்திட்டவர் வாக்காளராகப் பதிவே செய்திருக்க மாட்டார். வீடு மாறியிருப்பார், பதிவேட்டில் பழைய முகவரி இருக்கும். கணவர் தன் பெயரோடு மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பார். பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் கையெழுத்திடுபவரே தன் கையால் நிரப்ப வேண்டும். தேதி இருக்காது.  வசிப்பது நகரத்துக்கு வெளியே ஏதோ ஒரு டவுன்ஷிப்பாக, அதாவது தனி உள்ளாட்சியாக, இருக்கும். தபால் முகவரிப் பழக்கத்தில் பிட்ஸ்பர்க் என்று எழுதி ஆட்சேபிப்பவருக்கு வேலையை எளிதாக்கியிருப்பார். இன்னொன்றைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை: ஒரு பதவிக்கு ஒருவர் ஒரு மனுவில்தான் கையெழுத்திடலாம். கண்காட்சித் திடலில் பசுமைக் கட்சிக்காரர்கள் பக்கத்து மேசையில் இருந்தால், அங்கே போட்டுவிட்டு உங்களிடம் வருபவரின் வரி வீண்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். 5,000 செல்லும் வரிகள் வேண்டும். 65 சதவீதம் தேறும் என்று வைத்தால் 7,700 திரட்ட வேண்டும். ஆட்சேபணையைத் தாங்கக் கொஞ்சம் கூட்டி 9,000 என்று இலக்கு வையுங்கள். நல்ல இடத்தில் நிற்கும் ஒருவர் மணிக்கு 10 முதல் 15 வாங்குவார். 12 என்று கொண்டால் 750 மணி நேரம். 20 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 37 மணி. வாரம் மூன்று மணி தரும் ஆட்கள் பதின்மூன்று பேர் இருக்கிறார்களா என்பதை மார்ச்சிலேயே பார்த்துவிடலாம். ஜூலையில் பார்ப்பதால்தான் கூலிக்கு ஆள் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. கையெழுத்துக்கு இத்தனை டாலர் என்று கொடுத்தால் கையெழுத்துகள் கிடைக்கும். வாக்காளர்கள் கிடைப்பார்களா என்பது வேறு.

மாநில அரசு முழு வாக்காளர் பட்டியலை 20 டாலருக்குத் தருகிறது. இந்த 20 டாலரைச் செலவழிக்காமல் பிரசார மேசைக்கு விரிப்பு வாங்கும் கவுண்டிக் (நம் மாவட்டம் போன்றது) கிளைகளை என்ன சொல்ல? பட்டியலை வாங்கியதும் செய்ய வேண்டியது இது. தாள் வந்த அன்றே அதற்கு எண் போட்டு, திரட்டியவரின் பெயரைக் குறித்து, ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு மாலை நான்கு பேர் மடிக்கணினியோடு உட்காரட்டும். ஒரு வரியைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். 450 வரிகளை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஒவ்வொரு வரிக்கும் செல்லும், செல்லாது, சந்தேகம் என்று குறியுங்கள். பிறகு திரட்டியவர் வாரியாகக் கூட்டுங்கள். ஒருவருக்கு 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர் நிற்கும் இடம் தப்பு, அல்லது அவர் கேட்கும் கேள்வி தப்பு. “கையெழுத்துப் போடுறீங்களா?” என்று தொடங்கக் கூடாது. “இந்தக் கவுண்டியில் வாக்காளரா பதிஞ்சிருக்கீங்களா, எந்த முகவரியில?” என்றுதான் தொடங்க வேண்டும்.

இடத்துக்கும் வருவோம். ரயில் நிலையம், பல்கலைக்கழக வாசல், நகர மையம் மூன்றும் புதியவர்களுக்குப் பிடித்தவை. கூட்டம் உண்டு, அதில் பாதி பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சிக்காரர்களும் பதிவு செய்யாத மாணவர்களும். எல்லாவற்றையும் விட நல்ல நாள் முதல்நிலைத் தேர்தல் நாள். வாக்குச்சாவடிக்கு வருபவர் எல்லோரும் அந்த வட்டாரத்தின் பதிவு பெற்ற வாக்காளர்கள், அன்றைக்கு அரசியல் பேசும் மனநிலையில் இருப்பவர்கள். எந்தக் கட்சியில் பதிந்திருந்தாலும் உங்கள் தாளில் கையெழுத்திடலாம். வாக்களிக்கும் அறையிலிருந்து 10 அடி தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு நாளுக்கு எல்லாத் தொண்டரும் விடுப்பு எடுக்க வேண்டும். “முதல்நிலைத் தேர்தல் நமக்கில்லையே” என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

மோசமான தாள்களைக் குவியலில் சேர்த்துப் பருமனைக் காட்டலாம் என்ற யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆட்சேபிப்பவர் முதலில் புரட்டுவதே அந்தத் தாள்களைத்தான்.

கூடவே வைக்க வேண்டிய பத்திரங்கள்

வேட்பாளர் தன் வருமானம், கடன் போன்றவற்றைச் சொல்லும் நிதிநலன் அறிக்கையை உரிய இடத்தில் கொடுக்காமல் விட்டால் மனு செத்தது. உள்ளூர்ப் பதவி என்றால் மூலப்படி அந்த ஊராட்சி அலுவலகத்துக்கு, நகல் மனுவோடு. மாநிலப் பதவி என்றால் மாநில நன்னெறி ஆணையத்துக்கு.

2020-ல் பசுமைக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஹோவி ஹாக்கின்ஸைப் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் நீக்கியது கையெழுத்துப் போதாமல் அல்ல. அவர் பெயர் வருவதற்கு முன் இடம்பிடித்து வைத்திருந்த தற்காலிக வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரம் மனுவோடு முறையாக இணைக்கப்படவில்லை. அவ்வளவு பேரின் உழைப்பும் ஒரு தாளில் போயிற்று.

பணம்

ரொக்கமாக ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் வாங்காதீர்கள். 50 டாலரைத் தாண்டினால் பெயரும் முகவரியும் வேண்டும். 250 டாலரைத் தாண்டினால் தொழிலும் முதலாளியும். தொப்பி சுற்றி வசூலிக்காதீர்கள்.

எடுத்ததும் ஆளுநர் பதவி

மேலே ஒருவர் நிற்கத்தான் வேண்டும்; கட்சியின் பெயர் தெரிய வேண்டுமே. ஆனால் எந்த மேல்பதவி என்பதை மாநிலத்தின் சட்டத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இண்டியானாவில் 2020-ல் டொனால்ட் ரெயின்வாட்டர் ஆளுநர் தேர்தலில் 11 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அங்கே கட்சியின் வாக்குச்சீட்டு இடத்தைக் காப்பது மாநிலச் செயலாளர் பதவிக்கான தேர்தலில் வாங்கும் 2 சதவீதம். யாரும் கவனிக்காத அந்தப் பதவிக்குத்தான் நல்ல வேட்பாளர் வேண்டும்.

பென்சில்வேனியாவில் 2,500-க்கும் அதிகமான ஊராட்சி அமைப்புகளும் 500 பள்ளி மாவட்டங்களும் உள்ளன. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு தேர்தல் நீதிபதியும் (சாவடியின் பொறுப்பாளர், நீதிமன்ற நீதிபதி அல்ல) இரண்டு ஆய்வாளர்களும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆய்வாளர் பதவிக்கு வாக்காளர் ஒருவருக்குத்தான் வாக்களிக்கலாம். முதலிடம் வந்தவரும் இரண்டாமிடம் வந்தவரும் பதவி பெறுவார்கள். இரண்டாமிடத்துக்குப் பதவி கிடைக்கும் இடத்தில் மூன்றாவது கட்சி நிற்காமல் வேறு எங்கே நிற்பது? பல சாவடிகளில் வேட்பாளரே இருப்பதில்லை. சீட்டில் இல்லாத பெயரை வாக்காளர்களே எழுதிப்போடும் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில் ஆள் தேர்வாகிறார். அப்படி நின்றால் எல்லோரும் ஒரே எழுத்துக்கூட்டலில் பெயர் எழுதும்படி சீட்டுக் கொடுங்கள். பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தால் அவற்றை ஒன்றாகக் கூட்டும்படி தேர்தல் முடிந்த சில நாளிலேயே மனுப் போட வேண்டும். வாக்கு இருந்தும் தோற்பது இங்கேதான்.

சட்டமன்றம் என்றால் இருமுனைப் போட்டியைத் தேடுங்கள். 2020-ல் வயோமிங்கில் மார்ஷல் பர்ட் கீழவைக்கு வென்றபோது குடியரசுக் கட்சி அங்கே ஆள் நிறுத்தவில்லை. நல்ல வேட்பாளரை மும்முனைப் போட்டியில் செலவழிப்பதற்கு முன், உங்கள் கவுண்டியில் ஒரு பெரிய கட்சி ஆள் போடாத தொகுதிகளைப் பட்டியலிடுங்கள்.

வாசலில் கொள்கை வகுப்பு

கதவைத் திறந்தவரிடம் மத்திய வங்கியை ஒழிப்பது பற்றிப் பேசாதீர்கள். அவர் டவுன்ஷிப் மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார். மழைநீர் வடிகால் கட்டணமும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட அனுமதி கிடைக்காததும்தான் அவர் பிரச்சினை. மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்பவருக்குப் பென்சில்வேனியாவே ஒரு பரிசு வைத்திருக்கிறது: 1936-ல் ஜான்ஸ்டவுன் வெள்ளத்துக்காகத் தற்காலிகமாகப் போட்ட 10 சதவீத மதுவரி. ஊர் எப்போதோ எழுந்து நின்றுவிட்டது. வரி 18 சதவீதமாகி இன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் வரியைப் பற்றி மேற்கொண்டு நீங்கள் பேச வேண்டியதில்லை, அவரே பேசுவார்.

எண்ணாமல் கதவு தட்டுவதும் வீண். 3,000 வாக்காளர் உள்ள டவுன்ஷிப்பில் கால்வாசிப் பேர் வாக்களிப்பார்கள் என்றால் 750. இருமுனைப் போட்டியில் 376 போதும். 500 பேரைப் பெயர் சொல்லி உறுதி செய்யுங்கள். மணிக்கு 15 முதல் 20 கதவு தட்டலாம், திறப்பது நான்கில் ஒன்று. அதே 20 டாலர் பட்டியலில் யார் எந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பதும் இருக்கிறது. உள்ளூர்த் தேர்தலுக்கு வராதவரின் கதவைக் கடைசிக்கு வையுங்கள்.

கையெழுத்து நேரத்தில் பிளவு

2022 மே மாதம் ரீனோவில் நடந்த தேசிய மாநாட்டில் மீசஸ் அணி (கட்சிக்குள் இருக்கும் தீவிரக் கொள்கைக் குழு) கட்சித் தலைமையைப் பிடித்தது. அதே ஆண்டு பென்சில்வேனியாவில் பிரிந்து போனவர்கள் கீஸ்டோன் கட்சி தொடங்கினார்கள். நவம்பரில் ஆளுநர் வாக்குச்சீட்டில் இரண்டு கட்சிகளும் இருந்தன. இரண்டின் வாக்கையும் கூட்டினாலும் 2 சதவீதம் வரவில்லை. எந்த அணி சரி என்பது வேறு வழக்கு. அமைப்பாளர் செய்யக்கூடியது இரண்டு. மாநாட்டில் வாக்களிக்கும் உறுப்பினர் பட்டியலை மாநாட்டுக்குச் சில மாதம் முன்பே மூடும்படி விதி எழுதுவது. ஸ்கேன் செய்த தாள்கள், தொண்டர் பட்டியல், வங்கிக் கணக்கின் கடவுச்சொல் எல்லாவற்றையும் தனிநபரின் மின்னஞ்சலில் வைக்காமல் கட்சியின் பெயரில், இரண்டு பேர் திறக்கும்படி வைப்பது. மனஸ்தாபத்தில் வெளியேறுபவர் எடுத்துப் போகும் பொருள்களில் விலையுயர்ந்தது பெரும்பாலும் அந்தக் கணினிக் கோப்புதான்.

கடைசி வாரத்தை நம்புவது

2019-ல் வந்த சட்டம் 77 ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் வாக்களிக்கும் வசதியை எடுத்துவிட்டது, நமக்கு லாபம். அதே சட்டம் காரணம் கேட்காமல் அஞ்சல் வாக்கும் கொடுத்தது. சீட்டுகள் தேர்தலுக்குப் பல வாரம் முன்பே வீடுகளுக்குப் போய்விடும். நவம்பர் முதல் வாரத்துக்கென்று அச்சடித்த அட்டையைச் செப்டம்பர் கடைசியிலேயே அனுப்புங்கள். அஞ்சல் வாக்குக் கேட்டவர்களுக்கு முதலில்.