4×5ல் கூர்மையான படம்: அப்பர்ச்சர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

4×5 அங்குல ஷீட் ஃபிலிம் போடும் பெரிய கேமராவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எந்த எஃப் எண்ணில் (லென்ஸ் துளையின் அளவு, எண் பெரிதானால் துளை சின்னது) எடுத்தால் படம் நல்ல ஷார்ப்பாக வரும் என்பது. ஒரே ஓர் எண்ணைப் பதிலாக எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. லென்ஸுக்கென்று ஒரு நல்ல எண் இருப்பது உண்மைதான். சிம்மார், சிரோனார், நிக்கோர்-டபிள்யூ போன்ற எஃப்/5.6 லென்ஸ்கள் பெரும்பாலும் எஃப்/16க்கும் எஃப்/22க்கும் நடுவில் மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் அது தட்டையான சுவரை நேராக நின்று எடுக்கும்போது. முன்னால் ஒரு பாறை, பின்னால் ஒரு மலை என்று வந்துவிட்டால் எந்த எண் வேண்டும் என்பதை அந்தக் காட்சிதான் முடிவு செய்கிறது, அதை ஊகிக்க வேண்டியதில்லை, கேமராவிலேயே அளந்துவிடலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் எஃப்/64 விவகாரம். 1932ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் சேர்ந்து தங்கள் குழுவுக்கு குரூப் எஃப்/64 என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் படித்துவிட்டு, துளை எவ்வளவு சின்னதோ படம் அவ்வளவு கூர்மை என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் நிறைய. வெஸ்டன் 8×10 நெகட்டிவை அப்படியே காகிதத்தோடு ஒட்டிவைத்து கான்டாக்ட் பிரிண்ட் போட்டவர், பெரிதாக்கவே இல்லை. நாம் 4×5ஐ 16×20 அங்குலத்துக்கு, அதாவது நான்கு மடங்கு, பெரிதாக்குகிறோம். துளை சின்னதாக ஆக ஆக ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுகிறது, பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தோமே அதுதான். தோராயமாக 1500ஐ எஃப் எண்ணால் வகுத்தால், ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கோட்டு ஜோடிகள் பதிய முடியும் என்பதன் உச்சவரம்பு கிடைக்கும். எஃப்/22ல் 68, எஃப்/32ல் 47, எஃப்/64ல் வெறும் 23. நான்கால் வகுத்துப் பாருங்கள்: எஃப்/64 நெகட்டிவ் 16×20 பிரிண்டில் 6 கூட வருவதில்லை, கிட்டே போய்ப் பார்க்கிறவர் கண்ணுக்கே மங்கல் தெரியும். எஃப்/32 என்றால் 12க்குக் கொஞ்சம் குறைவு. பிரிண்டுக்கு அது தாராளம்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் மறுபக்கம் ஓடிவிடுகிறவர்களும் உண்டு. டிஜிட்டலில் எஃப்/11 தாண்டினாலே பயப்படும் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து, 4×5லும் எஃப்/16ஐ விட்டு நகர மாட்டார்கள். 35 மி.மீ. கேமராவில் எஃப்/8 தரும் ஆழத்தை (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் எல்லையை) அதே கோணத்தில் 4×5ல் பெற வேண்டுமானால் எஃப்/28 அளவுக்குப் போயே ஆக வேண்டும். அதனால் எஃப்/16ல் எடுத்த லேண்ட்ஸ்கேப்பில் நடுவில் ஒரு மரம் மட்டும் கத்தி மாதிரி இருக்கும், முன்னால் இருக்கும் புல் கரைந்து போயிருக்கும். அதுவும் வீட்டில் பிளாட்பெட் ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் எஃப்/22க்கும் எஃப்/32க்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்து உறக்கம் கெட வேண்டாம், அந்த ஸ்கேனரே பெரும்பாலும் அதற்கு முன்னால் தடையாக நிற்கும்.

சரி, அளப்பது எப்படி? கேமராவின் ரெயிலில் அல்லது படுகையில் ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலை ஒட்டிக்கொள்ளுங்கள். லென்ஸை முழுதாகத் திறந்து, ஃபோக்கஸ் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸ் கண்ணாடியில் லூப் (சிறு உருப்பெருக்கி) வைத்து, கூர்மையாக வேண்டிய மிக அருகிலுள்ள பொருளுக்கு ஃபோக்கஸ் செய்து ஸ்கேலைக் குறியுங்கள். அப்புறம் மிகத் தொலைவில் உள்ளதற்கு. இரண்டுக்கும் நடுவே ஸ்டாண்டர்ட் (லென்ஸையோ ஃபிலிமையோ தாங்கி ரெயிலில் நகரும் சட்டம்) எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய ஒரே அளவு. அதை 375ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், வருவது எஃப் எண். 1 மி.மீ. நகர்ந்தால் எஃப்/19, 2 என்றால் 27, 3 என்றால் 33, 5 என்றால் 43, 10 என்றால் 61. ஃபோக்கஸ் விலகுவதால் வரும் மங்கலும் விளிம்பு விளைவால் வரும் மங்கலும் சேர்ந்து எங்கே மிகக் குறைவாக இருக்குமோ அந்தப் புள்ளியைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. ஒரு சிறு அட்டையில் எழுதி டார்க் கிளாத்தோடு (ஃபோக்கஸ் பார்க்கத் தலைக்கு மேல் போர்த்தும் கறுப்புத் துணி) கட்டிவைத்துக்கொண்டால் களத்தில் கால்குலேட்டரே வேண்டாம். 150 மி.மீ. லென்ஸில் 8 மீட்டரிலிருந்து அடிவானம் வரை என்றால் நகர்வு 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, எஃப்/32 போதும். அருகிலுள்ள பொருள் 2 மீட்டரில் இருந்தாலோ 12 மி.மீ. ஆகிவிடும், அங்கே எஃப்/64கூடப் போதாது.

அளந்த பிறகு ஃபோக்கஸை எங்கே வைப்பது? அந்த இரண்டு குறிகளுக்கும் நேர் நடுவில், ஸ்கேலில். இங்கேதான் "மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஃபோக்கஸ் வை" என்ற பழைய விதி ஆளைக் கவிழ்க்கிறது. 3 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை என்றால் விதி பொருந்தும், சரியான இடம் 4 மீட்டர். 2 முதல் 20 மீட்டர் வரை என்றால் விதி 8 மீட்டர் என்று சொல்லும், உண்மையில் வைக்க வேண்டியது 3.6 மீட்டரில்.

12 மி.மீ. நகர்வு வரும் காட்சியைத் துளையைச் சுருக்கியே சமாளிக்கப் பார்ப்பது பெரிய தவறு, ஏனென்றால் அதற்காகத்தான் கேமராவில் டில்ட், அதாவது லென்ஸைச் சாய்க்கும் வசதி, இருக்கிறது. தரை நீளமாகப் போகும் காட்சியில் லென்ஸை முன்னால் சாய்த்தால் கூர்மைத் தளம் தரையோடு படுத்துவிடும். பலர் 10, 15 டிகிரி சாய்த்துவிட்டு எதுவும் ஷார்ப்பாக இல்லை என்று புலம்புவார்கள். 150 மி.மீ. லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் வேண்டியது 6 டிகிரிக்கும் குறைவுதான். சாய்த்த பிறகு மறுபடி அளக்க மறக்காதீர்கள். இப்போது அருகு, தொலைவு என்று பார்க்காமல், தளத்துக்கு மேலே நிற்கும் மர உச்சியையும் கீழே இருக்கும் பள்ளத்தையும் அளக்க வேண்டும். இந்த நகர்வு 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் எஃப்/32ல் வேலை முடிந்தது. கேமராவுக்குப் பக்கத்திலேயே ஓர் உயரமான மரம் நின்றால் டில்ட் உதவாது, சாய்க்காமல் நேராகவே எடுங்கள்.

காற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எஃப்/22லிருந்து எஃப்/45க்குப் போனால் அரை விநாடி 2 விநாடியாகிறது, அதற்குள் இலை ஆடிவிடும். மாலை வெளிச்சத்தில் ரெசிப்ராசிட்டியும் (நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் மந்தமாகிக் கூடுதல் நேரம் கேட்பது) சேர்ந்துகொள்ளும். மீட்டர் 10 விநாடி காட்டினால் ஃபோமாபான் 100 ஃபிலிமுக்கு அதன் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அட்டவணை 80 விநாடி கேட்கிறது. காற்று இருக்கும் நாளில் முன்புல்லைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எஃப்/22ல் எடுப்பதே நல்லது என்பது என் முடிவு. ஆழத்தில் குறையும் கூர்மையை விட அசைவில் போகும் கூர்மைதான் பிரிண்டில் அசிங்கமாகத் தெரியும்.

பூ, பூச்சி, மேஜைப் பொருள் என்று கிட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் உள்ள மடிப்புத் துருத்தி) நீண்டால் எஃப் எண்ணும் மாறுகிறது. நிஜ அளவில் எடுக்கும்போது லென்ஸின் எஃப் ஸ்கேலில் எஃப்/22 வைத்தால் நடைமுறையில் அது எஃப்/45. இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) எக்ஸ்போஷர் கூட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், விளிம்பு விளைவும் எஃப்/45க்கு உரியதாகவே இருக்கும் என்பதை மறந்துவிடுவார்கள். அங்கே எஃப்/45ஐத் திருகினால் கையில் வருவது எஃப்/90.

பழைய லென்ஸ் வைத்திருந்தால் இன்னும் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் துளையைச் சுருக்கும்போது ஃபோக்கஸே இடம் மாறும், குறிப்பாக கன்வர்ட்டிபிள் சிம்மாரை ஒரு பாதியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தும்போது. படமெடுக்கப்போகும் துளையில், அல்லது கிரவுண்ட் கிளாஸ் ரொம்ப இருட்டினால் அதற்கு ஒன்றிரண்டு ஸ்டாப் முன்னால், லூப்பை வைத்து மறுபடி சரிபாருங்கள். அடுத்தது ஷட்டர். செகண்ட்ஹேண்டில் வந்த லென்ஸை யாராவது வேறு ஷட்டருக்கு மாற்றியிருந்தால் அதன் எஃப் ஸ்கேல் வேறொரு லென்ஸுக்கானதாக இருக்கலாம், அப்போது மேலே சொன்ன கணக்கு எல்லாமே பிசகும். சரிபார்ப்பது சுலபம்: எஃப் ஸ்கேலை எஃப்/22ல் வைத்து, முன்பக்கமிருந்து தெரியும் துளையின் விட்டத்தை மில்லிமீட்டர் ஸ்கேலால் அளந்து பாருங்கள். 150 மி.மீ. லென்ஸுக்கு 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும், 210க்கு ஒன்பதரை மி.மீ. அளவிலும் இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இதே மாதிரி அளந்து, சரியான எண்களை ஒரு மெல்லிய டேப்பில் எழுதி எஃப் ஸ்கேலின் மேல் ஒட்டிவிடுங்கள்.