ஓவர்கிளாக் பண்ணப் போறீங்களா, வோல்டேஜ்ல இருந்து ஆரம்பிங்க

ஓவர்கிளாக், அதாவது பிராசஸரைக் கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறதுன்னு வாயெடுத்தாலே எல்லாரும் கேக்குறது "என் பிராசஸர் எத்தனை கிகாஹெர்ட்ஸ் போகும்"னுதான். நான் திருப்பிக் கேக்குறது, உங்க கூலர் எவ்வளவு சூட்டைத் தாங்கும், அதுக்குள்ள எவ்வளவு வோல்டேஜ் கொடுக்க முடியும். கிளாக், அதாவது அந்த வேகம், அதிகமாப் போனா மெஷின் ஹேங் ஆகும், ரீஸ்டார்ட் ஆகும், சிப்பு அதனால சாகாது. சிப்பை உள்ளுக்குள்ள அரிக்கிறது வோல்டேஜும் சூடும் சேர்ந்து.

சின்னக் கணக்குதான். பவர், கிளாக் ஏறுற அளவுக்கே ஏறும், ஆனா வோல்டேஜுக்கு வர்க்கத்துல ஏறும். கிளாக்கை 5% ஏத்துறதுக்காக வோல்டேஜை 10% ஏத்துனீங்கன்னா 1.1 பெருக்கல் 1.1, அதை மறுபடி 1.05ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 1.27. அஞ்சு சதவீத வேகத்துக்கு இருபத்தேழு சதவீதம் கூடுதல் பவர், அத்தனையும் சூடு. இது தலையில ஏறிடுச்சுன்னா பாதி தப்பு பண்ண மாட்டீங்க.

முதல்ல உங்ககிட்ட இருக்கறது ஏறுற ஐட்டமான்னு பாருங்க. இன்டெல்னா பேர் கடைசியில கே இல்ல கேஎஃப்னு இருக்கணும், போர்டும் இசட் சீரிஸ் சிப்செட்டா இருக்கணும், பி சீரிஸ் போர்டுல ரேமை ஏத்தலாமே தவிர பிராசஸர் மல்டிபிளையரை, அதாவது வேகத்தை நிர்ணயிக்கிற பெருக்கு எண்ணை, தொட முடியாது. ஏஎம்டியோட ரைசன் பெரும்பாலும் திறந்துதான் கிடக்கும், ஆனா ஏ520, ஏ620 மாதிரி ஏ சீரிஸ் போர்டு வச்சிருந்தா ஆசையை விட்டுடுங்க. 5800 எக்ஸ்3டி மல்டிபிளையர் பூட்டியே வந்துச்சு, கோர் தலைக்கு மேல கேஷை (சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) அடுக்கி வச்சிருந்ததால சூடு வெளிய வர வழி கம்மி. 9800 எக்ஸ்3டில கேஷை அடியில வச்சுட்டாங்க, பூட்டையும் எடுத்துட்டாங்க. அப்புறம் ஓவர்கிளாக்கால போன சிப்புக்கு வாரண்டி கிடையாது, அதையும் மனசுல வச்சுக்கிட்டு கை வைங்க.

வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி பயாஸை, அதாவது போர்டோட அடிப்படை சாஃப்ட்வேரை, அப்டேட் பண்ணுங்க. 2023ல ரைசன் 7000 சிப்புங்க சில எரிஞ்சு போனப்போ, எக்ஸ்போவை (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற ரெடிமேட் செட்டிங், இன்டெல்ல இதுக்குப் பேர் எக்ஸ்எம்பி) ஆன் பண்ணதும் போர்டே சாக் வோல்டேஜை (சிப்புல மெமரி கன்ட்ரோலர் இருக்கற பகுதிக்குப் போறது) ஏத்திக்கிட்டதுன்னு தெரிஞ்சு 1.3 வோல்ட்டுக்கு மேல போகாதபடி பயாஸ்ல கட்டிப் போட்டாங்க. 2024ல இன்டெல் 13, 14வது தலைமுறை சிப்புங்க தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கி நிலைதடுமாற ஆரம்பிச்சு, ஆகஸ்ட்ல வந்த மைக்ரோகோட் (பயாஸ் வழியா வர்ற, சிப்போட உள் சாஃப்ட்வேர்) 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்க விடாம நிறுத்துச்சு. கையால ஒரு வோல்டேஜைக் கூட மாத்தாதவங்களும் இதுல மாட்டுனாங்க. அதனாலதான் சொல்றேன், ஆட்டோன்னு போட்டிருந்தா பத்திரம்னு அர்த்தம் இல்ல, கிளாக்கை ஏத்த ஏத்த போர்டு பாட்டுக்கு வோல்டேஜைத் தாராளமா அள்ளிக் கொடுக்கும்.

அடுத்தது ஒண்ணும் மாத்தாம, எக்ஸ்எம்பி இல்ல எக்ஸ்போவையும் ஆஃப் பண்ணிட்டு, சினிபெஞ்ச்ங்கிற ஸ்கோர் டெஸ்ட்டைப் பத்து நிமிஷம் ஓட்டுங்க, பக்கத்துல சூடு, வோல்டேஜ் எல்லாம் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்கட்டும். ஸ்கோர், அதிகபட்ச டெம்பரேச்சர், லோடுல வீகோர் (கோருக்குப் போற வோல்டேஜ்) எவ்வளவு, மூணையும் பேப்பர்ல எழுதுங்க. சும்மா இருக்கும்போதே 95 டிகிரி தொடுதுன்னா ஓவர்கிளாக் வேண்டாம், முதல்ல கூலரைக் கழட்டிப் பாருங்க, அடியில இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டை உரிக்காம மாட்டினவங்க நிறைய பேர் இருக்காங்க, வெளிய சொல்ல மாட்டாங்க.

இப்போ வேலைக்கு வருவோம். வேகம்ங்கிறது பேஸ் கிளாக் பெருக்கல் மல்டிபிளையர், 100 மெகாஹெர்ட்ஸ் பெருக்கல் 50னா 5 கிகாஹெர்ட்ஸ். பேஸ் கிளாக்கைத் தொடாதீங்க, அது மத்த பாகங்களையும் சேர்த்து இழுக்கும். மல்டிபிளையர் மட்டும் போதும். வோல்டேஜை நீங்க எழுதி வச்ச லோடு வீகோர்லயே ஃபிக்ஸ் பண்ணிட்டு, மல்டிபிளையரை ஒவ்வொண்ணா ஏத்தி ஒவ்வொரு தடவையும் சினிபெஞ்ச் பத்து நிமிஷம். எங்க விழுதோ அங்க வோல்டேஜை 0.01, மிஞ்சிப் போனா 0.02 ஏத்துங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம்தான், ரெண்டு மூணு செட்டிங்கை ஒண்ணா மாத்திட்டு எதனால விழுந்துச்சுன்னு முழிக்காதீங்க. பழைய கைடுல இருக்கற நம்பரை காப்பி அடிக்கவும் கூடாது, 14 நானோமீட்டர் காலத்துல 1.35 வோல்ட் சகஜம், அதையே இப்போ 5 நானோமீட்டர் ரைசன்ல எல்லா கோருக்கும் ஃபிக்ஸ் பண்றது சிப்பை வறுக்குற வேலை.

புளூ ஸ்கிரீன்ல கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்னோ, வீயா அன்கரெக்டபிள் எரர்னோ வந்தா பெரும்பாலும் அந்த வேகத்துக்கு வோல்டேஜ் பத்தலன்னு அர்த்தம். பூட்டே ஆகலன்னா பதறாதீங்க, பவரை ஆஃப் பண்ணி வயரை உருவிட்டு, கிளியர் சிமாஸ் ஜம்பரை சில செகண்ட் ஷார்ட் பண்ணுங்க, இல்லன்னா போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரியை அஞ்சு நிமிஷம் கழட்டி வைங்க, பழையபடி எழுந்திரிச்சிடும்.

லோடுலைன் கேலிபிரேஷன், சுருக்கமா எல்எல்சி, இதுதான் நிறைய பேர் சொதப்புற இடம். லோடு வந்ததும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், அது கோளாறு இல்ல, அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. எல்எல்சி அந்த இறக்கத்தைக் குறைக்கும். நல்லதுதானேன்னு மேக்ஸ்ல வச்சா, லோடு சட்டுனு விடும்போது வோல்டேஜ் ஒரு நொடிக்கும் ரொம்பக் கம்மியான நேரத்துக்கு மேல எகிறும், எந்த சாஃப்ட்வேர் மீட்டருக்கும் அது அகப்படாது. நடுவுல ஒரு லெவல் வைங்க. இதுலயும் ஒரு கூத்து, சில போர்டுல லெவல் 1தான் உச்சம், சில போர்டுல லெவல் 8 உச்சம், பயாஸ்ல பக்கத்துலயே சின்ன கிராஃப் போட்டிருப்பாங்க, கோடு எது படுத்திருக்கோ அது பலமான லெவல்.

சினிபெஞ்ச் பாஸ் ஆயிடுச்சுன்னா ஸ்டேபிள்னு நினைக்கிற தப்பை நானே பண்ணியிருக்கேன். இருபது தடவை ஓட்டி ஒண்ணும் ஆகல, ரெண்டு வாரம் ஜாலியா ஓடுச்சு. ஒரு நாள் பெரிய ஜிப் ஃபைல் ஒண்ணை விரிச்சா சிஆர்சி எரர், அதாவது ஃபைல் கெட்டிருக்குன்னு. டவுன்லோடு சரியில்லன்னு மறுபடி இறக்கினேன், இந்தத் தடவை உள்ள வேற ஃபைல்ல எரர். ஹார்டு டிஸ்க் போயிடுச்சுன்னு நினைச்சு அதையும் செக் பண்ணேன், சுத்தமா இருந்துச்சு. கடைசியில விண்டோஸோட ஈவன்ட் வியூவரைத் திறந்தா வீயா லாகர் 19ன்னு, அதாவது ஹார்டுவேர் எரர்னு, மஞ்சள் வரி வரிசையா நிக்குது, மெஷின் ஒரு தடவை கூட விழாம சத்தமில்லாம தப்பு தப்பாக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்கு. 0.02 வோல்ட் ஏத்தினதும் நின்னுடுச்சு, ஆனா அந்த ரெண்டு வாரத்துல காப்பி பண்ண போட்டோ எல்லாத்தையும் ஒவ்வொண்ணா திறந்து பாக்க வேண்டியதாப் போச்சு.

அதனால பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி, ஓசிசிடி, ஒய் கிரன்ச்சர், இந்த டெஸ்ட்ல குறைஞ்சது ரெண்டு, ஒவ்வொண்ணும் ஒரு மணிநேரத்துக்குக் குறையாம ஓடணும், ஈவன்ட் வியூவர்ல வீயா வரி ஒண்ணு கூட இருக்கக்கூடாது. சூட்டுக்கு எல்லை, இன்டெல்ல பெரும்பாலும் 100 டிகிரி, ரைசன் 7000ல 95, அங்க போனா சிப்பே தன்னை இழுத்துப் பிடிச்சுக்கும். நான் கனமான டெஸ்ட்லயும் 85, 90க்குள்ள நிறுத்திடுவேன்.

ரைசன்காரங்களுக்கு எல்லா கோரையும் ஒரே வேகத்துல கட்டிப் போடுறதை நான் சொல்ல மாட்டேன், ஒத்தைக் கோர் பூஸ்ட் போயிடும், கேம்ல அடி வாங்குவீங்க. பிபிஓவை (ஏஎம்டியோட ஆட்டோமேட்டிக் பூஸ்ட் செட்டிங்) ஆன் பண்ணி, கோர் வோல்டேஜை இறக்க உதவுற கர்வ் ஆப்டிமைசர்ல நெகட்டிவ் 10ல ஆரம்பிங்க, ஒவ்வொரு படியும் சுமார் 3ல இருந்து 5 மில்லிவோல்ட் குறைக்கும். இதுல ஃபுல் லோடுல நல்லா ஓடிட்டு சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது விழும், ஏன்னா ஒத்தைக் கோர் உச்ச வேகத்துக்குப் போறது அப்போதான். கோர்சைக்கிளர்னு ஒரு டூல் ஒவ்வொரு கோரா தனித்தனியா டெஸ்ட் பண்ணும், ராத்திரி விட்டுட்டுத் தூங்குங்க, எந்தக் கோர் விழுந்துச்சோ அதுக்கு மட்டும் நெகட்டிவைக் குறைங்க. கிளாக் நம்பர் ஏறியிருக்கு ஆனா ஸ்கோர் இறங்கியிருக்குன்னா எச்டபிள்யூஇன்ஃபோல எஃபெக்டிவ் கிளாக்கைப் பாருங்க, வோல்டேஜ் பத்தாம சிப்பு கிளாக்கை இழுத்து நீட்டிக்கிட்டு இருக்கும்.

எல்லாம் ஸ்டேபிளா நின்ன பிறகு எக்ஸ்எம்பி இல்ல எக்ஸ்போவை ஆன் பண்ணி டெஸ்ட்டை முதல்ல இருந்து ஓட்டுங்க. பயாஸ்ல புரொஃபைலா சேவ் பண்ணுங்க, அதோட ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க, அடுத்த பயாஸ் அப்டேட்ல சேவ் பண்ண புரொஃபைல் அழிஞ்சு போறது சகஜம்.